மீட்டரைக் கையில் எடு!

குட்டி யானையில் டிபன் கடை நடத்துகிறவர் உன் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நிற்கிறார். ராத்திரி கடையில் விளக்கும் விசிறியும் ஓடியதில் பேட்டரி டவுன். காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளித்தான் வண்டியைக் கிளப்பியிருக்கிறார். "கடைக்குன்னு தனியா ஒரு பேட்டரி போட்டு, வண்டி ஓடுறப்போ அதுவும் சார்ஜ் ஏறுற மாதிரி பண்ணித் தர முடியுமாப்பா?" என்று கேட்கிறார்.

நீ தலையைச் சொறிகிறாய். "அதெல்லாம் நம்மால ஆகாதுண்ணே. மெட்ராஸ்லதான் பண்ணுவாங்க."

இந்தப் பதிலை இன்றோடு விட்டுவிடு, தம்பி! உத்திரமேரூரில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையில் வேலை பழகும் நீ, திருப்புலிவனத்திலிருந்தோ மானாம்பதியிலிருந்தோ காலையில் சைக்கிள் மிதித்து வரும் நீ, சாலவாக்கம் பக்கத்து கல் குவாரி டிப்பர்களுக்கு அடியில் படுத்து எர்த் தேடும் நீ, எதில் குறைந்துபோனாய்? மெட்ராஸில் இருப்பவன் கையில் ஓடும் கரண்ட்டுக்கும் உன் கையில் ஓடும் கரண்ட்டுக்கும் ஒரே விதிதான். 12 வோல்ட் அங்கேயும் 12 வோல்ட்தான்.

உன் மாவட்டத்தைக் கொஞ்சம் பார். ஒரகடத்தில் ரெனோ–நிசான் கார் ஆலை 2010இல் வந்தது. டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை 2012இல் வந்தது. அடுத்த ஆண்டு ராயல் என்ஃபீல்டும் அங்கே புது ஆலை திறந்தது. விடியும் முன்னே கம்பெனி பஸ்கள் நம் கிராமத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகின்றன. வண்டிக்குள் நரம்பாக ஓடும் வயரிங் ஹார்னஸைக் கோக்கும் ஆலைகளில் பெருமளவில் வேலை செய்பவர்கள் பெண்கள். அந்த வயரைக் கோத்த கை உன் தெருவில் இருக்கும்போது, அதே வயரோடு இன்னொரு பேட்டரியைச் சேர்க்கும் வித்தைக்கு மட்டும் வேறு ஊர் போக வேண்டுமா? வெட்கப்பட வேண்டிய கேள்வி இது. அந்த ஆலையில் வேலை செய்யும் தங்கைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: நீயும் ஒரு கடை போடலாம் அம்மா. இந்தத் தொழிலுக்குப் புஜபலம் வேண்டியதில்லை. கவனம் வேண்டும். அது உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இப்போது வேலைக்கு வருவோம். தன்னம்பிக்கை என்று வாயால் கத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தெரிந்தவனுக்கு வரும் தைரியம்தான் தைரியம். ஆகவே தெரிந்துகொள்.

குட்டி யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் 2005இல் வந்தபோது அதில் இருந்தது இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன் டீசல் எஞ்சின். சரக்கு ஏற்றத்தான் அதைச் செய்தார்கள். கம்பெனி கொடுத்த ஒற்றை பேட்டரிக்கு முக்கியமான வேலை செல்ஃப் மோட்டாரைச் சுழற்றுவது. சில விநாடி பலமாகக் கொடுத்துவிட்டு உடனே திரும்ப ஏறிக்கொள்ளும் ஜாதி அது. நம் மக்கள் அந்த வண்டியின் முதுகில் டிபன் கடை வைத்தார்கள், கரும்பு ஜூஸ் மெஷின் வைத்தார்கள், மைக் செட் கட்டினார்கள், துணிக்கடை போட்டார்கள். அமெரிக்காவில் இதே போல பிக்கப் வண்டியின் தொட்டிக்குள் ஒரு சின்ன வீட்டையே தூக்கி வைத்து ஊர் சுற்றுகிறார்கள். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ளே. அந்த வீட்டுக்கு ஒரு தனி பேட்டரி. அதை ஓடும் வண்டியிலிருந்து சார்ஜ் ஏற்றுவது அவர்களுக்கும் அதே தலைவலி. அங்கே வண்டிக்குப் பின்னால் வரும் ஏழு பின் பிளக்கில் சார்ஜுக்கு ஒரு மெல்லிய வயர் இருக்கும். அதை நம்பி இருந்தவர்களுக்கு வீட்டு பேட்டரி ஒழுங்காக ஏறவே இல்லை. கடைசியில் அவர்களும் தடித்த கேபிளை பேட்டரியிலிருந்து நேராக இழுத்துத்தான் தீர்வு கண்டார்கள். அவர்கள் கண்ட தீர்வு உன் கைக்கு எட்டாததல்ல.

நாம் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டர், 1831இல் ஃபாரடே கண்ட காந்த மின் தூண்டலில்தான் ஓடுகிறது. அந்த ஃபாரடே புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகியவர். ஆல்டர்னேட்டரின் டயோடுகள் அதில் பிறக்கும் கரண்ட்டை ஒரே திசைக்குத் திருப்பிவிட, அது ஏறக்குறைய 14.2 வோல்ட்டில் வெளியே வருகிறது. முழுதாக ஏறி ஓய்வில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி 12.6, 12.7 காட்டும். இந்த ஒன்றரை வோல்ட் ஏற்றம்தான் உன் மூலதனம் முழுவதும். அதை வழியில் தொலைக்காமல் கடை பேட்டரி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பவன் தொழில்காரன்.

அதைத் தொலைப்பது எங்கே? வயரில்.

கணக்கைப் போடு. எஞ்சின் பேட்டரியிலிருந்து கடை பேட்டரிக்கு 5 மீட்டர், திரும்பி வர 5 மீட்டர், ஆக 10 மீட்டர். பக்கத்துக் கடையில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று 4 ஸ்கொயர் எம்எம் வயரை இழுத்தாயானால் அதன் மின்தடை மொத்தம் சுமார் 0.05 ஓம். 30 ஆம்பியர் ஓட வேண்டும் என்றால் 30 பெருக்கல் 0.05, அதாவது ஒன்றரை வோல்ட் வயரிலேயே போய்விட்டது! புறப்பட்ட 14.2 போய்ச் சேரும்போது 12.7. பேட்டரி எப்படி ஏறும்? கரண்ட் தானாகக் குறையும், பேட்டரி மெல்ல மெல்ல உறிஞ்சும், வண்டி வீடு வந்து சேரும்போது பாதி கூட ஏறியிருக்காது. வாடிக்கையாளர் பேட்டரிக் கடைக்காரரைத் திட்டுவார். அதே இடத்தில் 16 ஸ்கொயர் எம்எம் செம்புக் கேபிள் போட்டிருந்தால் இழப்பு 0.4 வோல்ட்டுக்கும் கீழே. 25 போட்டால் கால் வோல்ட்டுக்கும் கீழே.

ஏரிப் பாசனம் கண்ட ஊர்க்காரன் உனக்கு இது புரியாதா? வயிரமேகத் தடாகம் என்று கல்வெட்டுப் பேசும் ஏரியைப் பல்லவர் காலத்திலேயே கட்டி ஆண்ட ஊர் உன்னுடையது. ஏரி நிரம்பித் தளும்பினாலும் வாய்க்கால் குறுகலாக இருந்தால் கடைமடை காயும். கடை பேட்டரிதான் உன் கடைமடை.

வயரில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்ற விதியை உலகுக்குச் சொன்னவர் ஜார்ஜ் ஓம். அவர் யார் தெரியுமா? ஜெர்மனியில் ஒரு பூட்டு செய்யும் தொழிலாளியின் மகன். அந்தத் தகப்பனார் தானே படித்துத் தேர்ந்து, தன் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் கற்பித்தார். ஓம் தன் சோதனைக்கு வேண்டிய கருவிகளைத் தானே செய்துகொண்டார். 1827இல் அந்த விதியைப் புத்தகமாக எழுதினார். சொந்த நாட்டில் பெரிய இடத்தில் இருந்தவர்கள் அதை மதிக்கவில்லை. அவர் அளவீட்டை மாற்றிக்கொள்ளவும் இல்லை. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்கு காப்ளி பதக்கம் கொடுத்தது. இன்று உலகத்தில் எந்த மூலையில் மீட்டரைத் திருப்பினாலும் அந்தப் பூட்டுக்காரர் மகனின் பெயர் இருக்கிறது. உன் அப்பா வெல்டிங் வைப்பவராக இருக்கலாம், நெசவுத் தறியில் உட்கார்பவராக இருக்கலாம், கூலிக்கு நாற்று நடுபவராக இருக்கலாம். அதனால் உன் அளவீடு ஒரு புள்ளி கூடக் கூடுவதில்லை, குறைவதில்லை.

"ரெண்டு பேட்டரியையும் ஒரு வயரால் இணைத்துவிட்டால் போச்சு" என்று சொல்பவன் பேச்சைக் கேட்காதே. பகலில் இரண்டும் ஏறும், ராத்திரியில் இரண்டும் சேர்ந்தே இறங்கும், காலையில் மறுபடி வண்டியைத் தள்ள வேண்டியதுதான். நடுவில் ஒரு ரிலே வேண்டும். எஞ்சின் ஓடும்போது சேர, நின்றதும் பிரிய. ஹெட்லைட்டுக்குப் போடும் சின்ன ரிலே இதற்குத் தாங்காது, சூடேறி உருகும். செல்ஃப் மோட்டார் சோலனாய்டும் கூடாது. அது சில விநாடி வேலைக்குப் பிறந்தது. மணிக்கணக்கில் கரண்ட்டைப் பிடித்து வைத்தால் காயில் எரிந்துவிடும். தொடர்ந்து 100 ஆம்பியர் தாங்கும் ரிலேயைக் கேட்டு வாங்கு. வோல்ட்டைத் தானே பார்த்துச் சேரும் ரிலே கிடைத்தால் இன்னும் நல்லது. பொதுவாக 13.3 வோல்ட் அளவில் சேரும், 12.8 அளவில் பிரியும். சாவியின் ஆன் லைனிலிருந்து சாதா ரிலேக்குக் கொடுத்தால் ஒரு தொல்லை உண்டு. செல்ஃப் அடிக்கும் நேரத்திலும் ரிலே சேர்ந்தே இருக்கும். கடை பேட்டரியும் செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் தள்ளப் பார்த்து ஃபியூஸைச் சாகடிக்கும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு வெளியாகும் சில வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கம்ப்யூட்டர் ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். ரிலே குழம்பிப் போகும். லித்தியம் பேட்டரி போட்டால் அது ஆல்டர்னேட்டரிலிருந்து அளவில்லாமல் உறிஞ்சி அதைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். இந்த இரண்டு இடத்திலும் டிசி டு டிசி சார்ஜர் போடு. எவ்வளவு ஆம்பியர் வேண்டுமோ அவ்வளவை மட்டும் எடுத்து, பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டில் தரும். விலை கூடுதல்தான். ஏன் கூடுதல் என்பதை வாடிக்கையாளருக்கு விளக்க உன்னால் முடியும், கூச்சப்படாமல் விளக்கு.

ஃபியூஸ் விஷயத்தில் மட்டும் நான் உன்னிடம் கெஞ்சுவேன், மிரட்டுவேன், விடமாட்டேன்.

"12 வோல்ட்தானே, ஷாக்கா அடிக்கப்போவுது?" என்ற சொல் வண்டிகளை எரித்திருக்கிறது. ஷாக் அடிக்காது, உண்மை. ஷார்ட் ஆனால் ஒரு சாதாரண பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஸ்பேனர் இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே விழுந்தால் அங்கேயே வெல்டாகி ஒட்டிக்கொள்ளும். கையில் மோதிரமோ காப்போ இருந்தால் கழற்றி வைத்துவிட்டு வேலை தொடங்கு. கழற்றும்போது நெகட்டிவை முதலில் எடு, மாட்டும்போது கடைசியில் போடு. இதைத் தெரிந்தவர் பலர். தெரியாமல் விடுவது வேறொன்று: இந்தக் கேபிளின் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. நடுவில் எங்கே உரசி பாடியில் பட்டாலும் இரண்டு பக்கமிருந்தும் தீ பாயும். ஆகவே ஃபியூஸ் இரண்டு வேண்டும். எஞ்சின் பேட்டரி பக்கத்தில் ஒன்று, கடை பேட்டரி பக்கத்தில் ஒன்று, டெர்மினலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். ஃபியூஸின் அளவை விளக்கையும் விசிறியையும் பார்த்து முடிவு செய்யாதே. வயர் எவ்வளவு தாங்கும் என்பதைப் பார்த்து முடிவு செய். ஃபியூஸ் காப்பது வயரை.

டிபன் வண்டிக்குள் கேஸ் சிலிண்டர் இருக்கிறது. சார்ஜ் ஏறும் லெட் ஆசிட் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும். இரண்டையும் மூடிய ஒரே அறையில் வைப்பவன் தொழிலைக் கேவலப்படுத்துகிறான். பேட்டரிக்குத் தனிப் பெட்டி, காற்று வெளியே போக மேலே வழி, அடுப்புக்கும் சிலிண்டருக்கும் எட்டாத மூலை. கேபிளுக்குச் சுருள் பைப், தகடு தாண்டும் ஒவ்வொரு ஓட்டையிலும் ரப்பர் வளையம், முனையில் சரியான அளவு லக் போட்டு அழுத்தி கிரிம்ப். முறுக்கி டேப் சுற்றுவதை ஒரு நாளும் வேலை என்று சொல்லாதே. தடித்த கேபிள் கிடைக்கவில்லையென்றால் வெல்டிங் கேபிள் நன்றாக வளையும், ஆனால் உள்ளே செம்புதானா என்று நறுக்கிப் பார்த்து வாங்கு. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு பூசி விற்பவர்கள் உண்டு.

இனி கணக்கு. 40 வாட் விளக்கு, 40 வாட் விசிறி, போன் சார்ஜும் பணம் வந்ததைச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டியும் மற்ற இழப்பும் 40 வாட் என்று வை. 120 வாட், அதாவது 10 ஆம்பியர். மாலை 5 மணி நேரம் கடை என்றால் 50 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் சரிபாதி. பாதிக்குக் கீழே இறக்கிப் பழகினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். அதனால் அதற்கும் சிறிய பேட்டரி வேண்டாம் என்று சொல்லிவிடு. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். போக வர ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால், 25 ஆம்பியர் வீதம் 37 சொச்சம்தான் ஏறும். ஆல்டர்னேட்டர் மேல் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது எனப் பார்த்து, அதில் பாதிக்கு மேல் கேட்காதே, வண்டிக்கும் கரண்ட் வேண்டும். துண்டு விழுவதற்கு? ராத்திரி வீட்டுக் கரண்ட்டில் ஒரு சார்ஜர். அல்லது மேலே 100 வாட் சோலார் பலகை. நம் ஊர் வெயிலில் ஒரு நாளைக்கு 25 ஆம்பியர்-மணியாவது தரும். கடையை உள்ளூரிலேயே போட்டு, வண்டி பத்து நிமிடம்தான் ஓடுகிறது என்றால், "அண்ணே, உங்களுக்கு இந்த வயரிங் பிரயோஜனப்படாது, வீட்டு சார்ஜரே போதும்" என்று நேராகச் சொல். ஒரு வேலை போகும். அவர் சொல்லிப் பத்து வேலை வரும்.

கணக்கு என்றதும் உன் ஊர்க் கோயில் நினைவுக்கு வராமல் இருக்குமா? வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு நடந்த குடவோலைத் தேர்தலின் விதிகளை விரிவாக வெட்டி வைத்த கல். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனும் அவன் உறவினரும் மறுபடி நிற்க முடியாது என்கிறது அந்தக் கல். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னே கணக்குக் காட்டச் சொன்ன ஊர் இது! நீ செய்யும் ஒவ்வொரு வண்டிக்கும் கணக்கு எழுது. எஞ்சின் நிற்கும்போது எத்தனை வோல்ட், ஓடும்போது இந்த முனையில் எத்தனை, அந்த முனையில் எத்தனை, எத்தனை ஆம்பியர் போகிறது. நோட்டில் தேதியோடு எழுதி, வாடிக்கையாளருக்கும் ஒரு தாளில் கொடு. பெரிய நகரத்து கேரேஜிலும் இதைச் செய்பவர் அரிது.

அதே கல் இன்னொன்றும் சொல்கிறது. போட்டியிட வயது 35க்கு மேல் வேண்டும், 70க்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். அன்று அந்தச் சபையின் வாசலில் உன் பாட்டனுக்குப் பாட்டன் எத்தனை பேர் நுழைய முடிந்திருக்கும்? இன்று ஒரு மல்டிமீட்டர் உன்னிடம் நிலம் கேட்கிறதா? சாதி கேட்கிறதா? ஆண், பெண் கேட்கிறதா? சிவப்பு முனையை பாசிட்டிவில் வை, கறுப்பை நெகட்டிவில் வை, உண்மையைச் சொல்லிவிடும். மனித சரித்திரத்தில் இப்படித் திறந்த வாசல் கிடைத்த தலைமுறைகள் குறைவு. அதில் நுழையாமல் வெளியே நின்று "நம்மால ஆகாது" என்றால் நான் கோபப்படுவேன். கோபப்பட எனக்கு உரிமை உண்டு.

கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் பிரித்துப் போட்டார், திரும்பவும் பூட்டினார். 1920இல் ஒரே ஒரு பஸ்ஸை பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். 1937இல் கோயம்புத்தூரில் இந்தியாவின் முதல் மின் மோட்டார் உருவானதில் அவர் பங்கு இருந்தது. அவருக்கு வழிகாட்ட யூடியூப் இல்லை, பக்கத்தில் ஐடிஐ இல்லை. உனக்கு இரண்டும் இருக்கிறது.

வாடிக்கையாளர் எங்கே என்று கேட்காதே. 2019இல் அத்தி வரதர் 48 நாள் தரிசனம் தந்தபோது காஞ்சிபுரம் சாலை முழுக்க வண்டிக் கடைகள். பங்குனியிலும் ஆடியிலும் ஊருக்கு ஊர் திருவிழா, மைக் செட், சீரியல் லைட். நவம்பரிலிருந்து மார்ச் வரை வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க வரும் வண்டிகள். கேரளம் 2021இலேயே கேரவன் சுற்றுலாவை அரசுத் திட்டமாக்கிவிட்டது. வண்டியில் வீடு கட்டிக்கொண்டு வருபவன் நாளை உன் ஊர் வழியாகத்தான் போவான். அவனுக்கு பேட்டரி பார்க்க யார் இருக்கிறார்கள் இந்தச் சாலையில்?

கூலியைக் கேட்கும்போது குரல் தாழாதே. பொருளுக்கு பில் தனி, உன் வேலைக்கு பில் தனி. "பாத்துப் போட்டுக் குடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் கிடைத்ததை வாங்கிப் பாக்கெட்டில் திணிக்கும் பழக்கம் ஒழியட்டும். வண்டியின் அமைப்பையே மாற்றும் வேலை வந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு இருக்கிறது, ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டு வரச் சொல். கம்பெனி வயரிங்கை எங்கேயும் வெட்டாதே, பேட்டரி டெர்மினலிலிருந்தே எடு. வாரன்ட்டி இருக்கும் வண்டியென்றால் முதலில் அதைச் சொல்லிவிட்டுக் கை வை. கடை வைக்கப் பணம் வேண்டுமா? முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் உண்டு. வங்கி மேனேஜர் முன்னால் உட்கார்ந்து, உன் வோல்ட் கணக்கு நோட்டை மேஜையில் வை.

இந்த வாரக் கூலியில் முதல் செலவாக ஒரு மல்டிமீட்டர் வாங்கு, கூடவே டிசி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டருக்குச் சீட்டுப் போடு. கடை முதலாளியிடம் கேட்டு, பழைய பேட்டரி இரண்டையும் ஒரு ரிலேயையும் மேஜையில் வைத்து, ஃபியூஸோடு கட்டிப் பார், அளந்து எழுது. அடுத்த வண்டி வரும்போது தலையைச் சொறியாதே. "எத்தனை மணி நேரம் கடைண்ணே? வண்டி ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடும்?" என்று கேட்டு, நோட்டைத் திற.